சிறிய காருக்கு உரசாத சில்லும் டயரும்: வன்னி வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சத்தத்தை முதலில் கேட்டது என் மனைவிதான். பின் இருக்கையில் மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நெல் மூட்டை. வட்டக்கச்சியில் குளக்கட்டுப் பக்கம் ஏறும் வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது, முன் இடது சில்லிலிருந்து தேங்காய் துருவுவது போல ஓர் ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தேன். மட்காட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை தேய்ந்து, கறுப்புத் தூள் டயரில் அப்பியிருந்தது.

காரில் ஒரு குறையும் இல்லை. குறை நான் ஆசைப்பட்டு மாட்டிய சில்லுகளில் இருந்தது. என் கார் ஜப்பானில் இருந்து வந்த வாகன் ஆர். அதில் டொயோட்டா அக்வாவின் பழைய 15 அங்குல அலோய் சில்லுகளை, டயரோடு சேர்த்து வாங்கி மாட்டியிருந்தேன். துளைகள் பொருந்தின, நடுத்துளையும் பொருந்தியது. கடையில் நின்ற தம்பி, "பாருங்கள் அண்ணன், இதற்கென்றே செய்தது போல இருக்கிறது" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாட்ட முடிவது வேறு, பொருந்துவது வேறு என்பதைக் குளக்கட்டில்தான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நானும் அயலவர்களும் டயர் மாற்றுவதற்கு முன் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதுகிறேன்.

கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காருக்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கின்றன. இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முன்னர் வைத்திருந்தவர் என்னைப் போன்றவராகவும் இருந்திருக்கலாம்.

என் வாகன் ஆரின் ஸ்டிக்கரில் 155/65 ஆர்14 75எஸ் என்று இருக்கிறது. 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 387 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகம் வரை. இந்த எழுத்தைப் பற்றி வன்னியில் எவரும் கவலைப்படத் தேவையில்லை. சுமைக் குறியீட்டைப் பற்றிக் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

ஜப்பான் கார்களின் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் கிலோ பாஸ்கலில் இருக்கும். 240 என்று இருந்தால் காற்றடிக்கும் இடத்தில் 35 பி.எஸ்.ஐ என்று சொல்லுங்கள்.

இந்தக் கார்களில் ஏன் இடம் இவ்வளவு குறைவு

வாகன் ஆர், ஆல்ட்டோ, ஹஸ்லர் போன்றவை ஜப்பானில் கெய் வகைக் கார்கள். 1998 முதல் அங்கே இருக்கும் விதிப்படி இவற்றின் நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் எஞ்சின் 660 சி.சி.யையும் தாண்டக்கூடாது. அந்த 1.48 மீற்றருக்குள் நான்கு பேர் இருக்க வேண்டும், கதவுக்குக் கனம் வேண்டும், சில்லு திரும்புவதற்கும் இடம் வேண்டும். இருக்கையில் இருப்பவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் சில்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள். விட்ஸ் போன்ற சற்றுப் பெரிய கார்களில் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆகவே, "நண்பனின் விட்ஸில் பெரிய டயர் போட்டும் உரசவில்லை" என்ற பேச்சு வாகன் ஆர் வைத்திருப்பவருக்கு உதவாது.

உயரத்தைக் கணக்கிடுங்கள்

தாளும் பேனாவும் போதும். அகலத்தைப் பக்கச்சுவரின் நூற்று வீதத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்குங்கள். ரிம் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வருவது டயரின் மொத்த விட்டம்.

155/65 ஆர்14: பக்கச்சுவர் இரண்டும் சேர்ந்து 201.5, ரிம் 355.6, மொத்தம் 557 மில்லிமீற்றர். நான் மாட்டிய 175/65 ஆர்15: 227.5 உடன் 381, மொத்தம் 608.5. வித்தியாசம் 51 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது நூற்றுக்கு 9. இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடி கைபேசியில் போட்டிருந்தால் அன்று வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பேன்.

பொதுவாக நூற்றுக்கு 3 வரை கூடுவதையோ குறைவதையோ ஏற்றுக்கொள்ளலாம். வாகன் ஆருக்கு அந்த எல்லைக்குள் வரும் அளவுகள் இவை: 165/65 ஆர்14 (570 மில்லிமீற்றர், 2.3 கூடுதல்), 155/70 ஆர்14 (573, 2.8 கூடுதல்), ஸ்டிங்ரே வகையில் வரும் 165/55 ஆர்15 (562.5, 1 கூடுதல்). 165/70 ஆர்14 அளவுடைய விட்ஸுக்கு 175/70 ஆர்14 நூற்றுக்கு 2.4 கூடுதல்; 185/60 ஆர்15 போட்டால் 2.8 கூடுதல். அதே விட்ஸுக்கு 195/50 ஆர்15 போட்டால் விட்டம் நூற்றுக்கு 1.8 குறைந்து கார் நிலத்தை நோக்கி இறங்கும். பார்க்க அழகாக இருக்கும் அளவு அது. ஆனால் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிரவல் வீதியில் அடிப்பாகம் கல்லில் மோதும்போது அந்த அழகு நினைவுக்கு வராது.

விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். அக்வா சில்லுகளோடு என் முள் 70 இல் நின்றபோது கார் உண்மையில் 76 இல் ஓடியது. ஏ9 வீதியில் ஊர்மனைகளுக்கு வெளியே கார்களுக்கு எல்லை 70. முள் 70 தான் காட்டியது என்று பொலிஸாரிடம் சொல்லிப் பயனில்லை.

அகலம் எந்தப் பக்கம் போகிறது

உரசலின் முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றித்தான் எவரும் கேட்பதில்லை.

ரிம்மின் உட்பக்கத்திலோ பின்புறத்திலோ 14×4.5ஜே, ஈ.டி 45 என்பது போல ஏதாவது பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது ரிம்மின் அகலம், இரண்டும் அங்குலத்தில். ஈ.டி என்பது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்கிறது. இந்த எண் கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இதைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

டயர் அகலத்தின் பாதியிலிருந்து ஈ.டி எண்ணைக் கழித்தால் வெளிப்பக்க நீட்சி வரும். கூட்டினால் உட்பக்க நீட்சி வரும். வாகன் ஆரின் சொந்தச் சில்லில் ஈ.டி 45, 155 இன் பாதி 77.5. வெளியே 32.5, உள்ளே 122.5. அக்வாவின் சில்லு 15×5ஜே, ஈ.டி 39, 175 இன் பாதி 87.5. வெளியே 48.5, உள்ளே 126.5. ஆகவே என் டயர் வெளிப்பக்கம் 16 மில்லிமீற்றர், உட்பக்கம் 4 மில்லிமீற்றர் கூடுதலாக நின்றது. ஆரத்தில் ஏறத்தாழ 26 மில்லிமீற்றர் உயரமும் கூடியிருந்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயரின் வெளிமூலை ஒரு வட்டம் போடுகிறது. டயர் வெளியே தள்ளி நிற்க நிற்க அந்த வட்டம் பெரிதாகும். வட்டத்தின் பின்விளிம்பு மட்காட் உறையைத் தொட்ட இடத்தில்தான் எனக்குத் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

ரிம்மையும் அகலமாக மாற்றுகிறீர்கள் என்றால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் போட்டால் டயர் சுமார் 5 மில்லிமீற்றர் விரியும். ஒரே அளவு எழுதிய இரண்டு நிறுவனங்களின் டயர்களும் சில மில்லிமீற்றர் வேறுபடும். கணக்கில் இடைவெளி 2 மில்லிமீற்றர் என்று வந்தால் இடைவெளியே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் புத்தி.

மாவை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போங்கள்

எந்த எண்ணும் உங்கள் காரை நேரில் பார்த்ததில்லை. பத்து வருடம் கிரவலில் ஓடிய காரின் ஸ்பிரிங் தளர்ந்து இறங்கியிருக்கும். ஒரு பக்கம் எப்போதோ மோதி, மட்காட் உள்ளே வளைந்திருக்கும். ஆகவே அளந்து பார்க்க வேண்டும்.

மட்டமான சீமெந்துத் தரையில், சொந்த டயரோடும் சரியான காற்றோடும் காரை நிறுத்துங்கள். கோதுமை மாவைச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து சிறு உருண்டைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துக் களிமண்ணும் நல்லதுதான். ஆனால் காய்ந்தால் உதிர்ந்துவிடும். உருண்டையை ஒட்ட வேண்டிய இடங்கள் இவை. முன்பக்கத்தில்: டயரை நோக்கியிருக்கும் சொக் அப்சோபர் குழாயும் அதன் ஸ்பிரிங் தட்டும், மட்காட் உறையின் முன்மூலையும் பின்மூலையும், வெளி மட்காட்டின் மடிந்த விளிம்பு, பம்பரின் உள்மூலை. பின்பக்கத்தில்: உட்சுவர், சில்லின் மேலே வரும் மட்காட் விளிம்பு, அச்சுச் சட்டம். பிரேக் குழாய் போகும் வழியையும் கண்ணால் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் டயர் உரசினால் எரிச்சல்தான். பிரேக் குழாயில் உரசினால் உயிருக்கு ஆபத்து.

இனிச் சுமை ஏற்றுங்கள். இந்த இடத்தில் நகரத்தவருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: நெல் மூட்டை. பின் இருக்கையில் இரண்டு மூட்டைகளை வையுங்கள், முன்னால் ஒருவரை இருத்துங்கள். பிறகு மெதுவாக, நடக்கும் வேகத்தில், ஒரு சரிவில் காரைக் குறுக்காக ஏற்றுங்கள். குளக்கட்டு ஏற்றமோ, மதகின் மேடோ, வீட்டுப் படலையின் ஏற்றமோ போதும். குறுக்காக ஏறும்போது ஒரு சில்லு மட்டும் முழுதாக மேலே அமுங்கும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒடியுங்கள். மற்றச் சில்லுகளுக்கும் இதையே செய்யுங்கள்.

திரும்பி வந்து உருண்டைகளைப் பாருங்கள். சொந்த டயர் எங்கே எவ்வளவு கிட்ட வந்தது என்பது மாவில் தெரியும். டயர் தொடாத இடங்களில், காரை ஒடித்தபடியே நிறுத்தி அளவுகோலால் இடைவெளியை அளந்து எழுதுங்கள். உதாரணமாக மட்காட் விளிம்புக்கு 15, சொக் குழாய்க்கு 12 மில்லிமீற்றர் என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 165/65 ஆர்14 டயரைச் சொந்த ரிம்மிலேயே போட்டால் இரு பக்கமும் 5 கூடும், ஆரத்தில் 6.5 கூடும். அப்போது வெளியே 10, உள்ளே 7 மிஞ்சும், போட்டுக்கொள்ளலாம். சொக் குழாய்ப் பக்கம் 5 க்குக் குறைந்தால் நான் போட மாட்டேன். மட்காட் பக்கம் 8 ஆவது வேண்டும் என்பது என் கணக்கு.

இந்தக் கணக்கு புத்தகத்திலிருந்து எடுத்தது அல்ல, மாரியிலிருந்து எடுத்தது. ஐப்பசியில் மழை தொடங்கிவிட்டால் உள்வீதிகளின் சேறு மட்காட் உறைக்குள் அப்பி, காய்ந்து, அதன்மேல் மறுபடி அப்பும். கோடையில் 8 மில்லிமீற்றர் இருந்த இடம் கார்த்திகையில் 3 ஆகிவிடும். அந்தச் சேற்றில் ஒரு கிரவல் கல் இருந்தால் டயரின் பக்கச்சுவரை அரம் போல அராவும்.

வன்னிக்கு என் தெரிவு

இங்கே பலரும் பெரிய ரிம் வாங்கும் ஆசையில் டயரின் பக்கச்சுவரைக் குறைத்துவிடுகிறார்கள். என் எண்ணம் அதற்கு நேர்மாறானது. சொந்த ரிம்மையே வைத்துக்கொண்டு பக்கச்சுவரைச் சற்று உயர்த்துவதுதான் நம் வீதிகளுக்கு ஏற்றது. ஏ9 இல் மட்டும் ஓடும் காருக்கு எதுவும் சரிதான். ஆனால் மாங்குளத்தில் இறங்கி மல்லாவி, துணுக்காய் தாண்டி வயல்கரைக்குப் போகும் காருக்கும், நெடுங்கேணியின் உள்ளூர்களுக்குப் போகும் காருக்கும் குழியின் விளிம்பை முதலில் வாங்குவது பக்கச்சுவர்தான். அது 90 மில்லிமீற்றராக இருந்தால் அடி ரிம்முக்குப் போகும். 107 ஆக இருந்தால் பெரும்பாலும் டயரோடு முடிந்துவிடும். அலோய் ரிம் வெடித்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். இரும்பு ரிம் வளைந்தால் சுத்தியலோடு ஒருவர் எங்கேயாவது இருப்பார்.

அகலமான டயருக்கும் விலை உண்டு. 660 சி.சி எஞ்சினுக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும். அகலமான டயர் வெள்ளம் நிற்கும் வீதியில் நீருக்கு மேல் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். ஒரு படி போதும்: 155 என்றால் 165, 165 என்றால் 175.

உரசினால் செய்யக்கூடாதவை

கராஜுக்குப் போனால் நாலு வைத்தியம் சொல்வார்கள். உள்ளே உரசினால் சில்லுக்கும் அச்சுக்கும் இடையில் தகடு வைத்து வெளியே தள்ளலாம் என்பது முதல் வைத்தியம். தகட்டின் கனத்துக்கு நட் பிடிக்கும் புரிகள் குறைந்துவிடும். உள்ளே தீர்ந்த உரசல் வெளியே தொடங்கும். வேண்டாம். மட்காட் விளிம்பை அரைத்து எடுக்கலாம் என்பது இரண்டாவது. பெயின்ற் போன இரும்பில், முல்லைத்தீவுக் கடற்காற்றும் மாரிச் சேறும் சேர்ந்து, அடுத்த வருடமே துரு பூக்கும். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில் ரப்பர் கட்டை வைப்பது மூன்றாவது. சுமையோடு இறங்கும் பின்பக்கத்துக்கு அது ஓரளவு உதவும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது வரும் உரசலுக்கு உதவாது. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதே நேர்வழி. பிளாஸ்டிக் உறையின் தளர்ந்த ஆணிகளைப் புதிதாக அடித்து அதைப் பின்னோக்கி இறுக்குவது மட்டும் சிலவேளை உண்மையில் பலன் தரும் வைத்தியம்.

மாட்டும் நாளில்

வாங்கும் டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரத்தில் செய்தது. தடிப்பு நன்றாக இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். பக்கச்சுவரை மடக்கிப் பாருங்கள். ஜப்பானில் இருந்து வரும் பழைய டயர்களில் பனிக்காலத்துக்கானவையும் கலந்திருக்கும். பக்கச்சுவரில் பனித்துகள் படம் இருந்தால் அது வேண்டாம். அதன் மென்மையான ரப்பர் நம் வெயிலில் சவர்க்காரம் போலக் கரையும். புதிய டயரின் சுமைக் குறியீடு ஸ்டிக்கரில் இருப்பதற்குக் குறையவே கூடாது.

ரிம்மையும் மாற்றினால் இன்னும் மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். துளை வட்டம் 4×100 என்றால் நான்கு துளைகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன, 4×114.3 அதற்குப் பொருந்தாது, பலவந்தமாகவும் மாட்டக்கூடாது. நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும், இல்லையேல் ஸ்டியரிங் நடுங்கும். மூன்றாவது நட். டொயோட்டாவின் நட் 12×1.5 புரி; சுசுக்கி, நிசான் 12×1.25. கைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றை மற்றதில் இறுக்கினால் புரி போய்விடும். நட்டின் அடிமுகமும் ரிம்மின் துளைக்கு ஏற்றதாக வேண்டும். கூம்பு முகத்துக்குக் கூம்பு, உருண்டை முகத்துக்கு உருண்டை.

நட்களைக் குறுக்குக் குறுக்காக, கையால் இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக இறுக்கிவிட்டால், இரவில் விசுவமடுப் பக்கம் காற்றுப் போகும்போது அந்த நட்டைக் கழற்ற உங்களால் முடியாது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் மேலதிகச் சில்லு வராது, டயர் ஓட்டையை அடைக்கும் பசைதான் வரும். வயல்கரை முட்களுக்குப் பசை போதாது. சொந்த அளவில் ஒரு பழைய சில்லைக் காரிலேயே வைத்திருங்கள்.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்களை மறுபடி இறுக்க வேண்டும். வவுனியாவில் டயர் மாற்றி வடக்கே வருபவர்களுக்கு அதற்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை. முறிகண்டியில் எப்படியும் நிறுத்துவீர்கள்; தேங்காயை உடைத்துவிட்டு, கச்சான் வாங்கிக் கொறிப்பதற்கு முன் நட் இறுக்கும் சாவியை எடுத்து நான்கு சில்லையும் ஒரு சுற்றுப் பாருங்கள். அப்போதே குனிந்து மட்காட் உறையில் விரலை ஓட்டுங்கள். எங்காவது புதிதாக மினுமினுப்பாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் அது டயரின் வேலை. மேலும் ஓட்டுவதற்கு முன் அந்த இடத்துக்கு மறுபடி மாவு உருண்டை வையுங்கள். என் அக்வா சில்லுகள் இப்போது மல்லாவியில், ஓர் அக்வாவில் ஓடுகின்றன.